பன்னிரண்டும் ஒரே நீளம்

குட்டையான கேபிளுக்கு வேலை குறைச்சல் என்று முழு மனதோடு நம்பியவன் நான். சாமி பல்லக்கை நாலு பேர் தூக்கும்போது குட்டையானவன் தோளில் பாரம் விழுவதேயில்லை. சும்மா கையை உயர்த்திக்கொண்டு கூடவே நடப்பான், பொங்கலில் மட்டும் சரிபங்கு வாங்குவான். பல வருஷம் அப்படிப் பல்லக்குத் தூக்கிய குட்டையன் நான்தான். மின்சாரமும் அதே முறையில்தான் பாரம் வைக்கும் என்று முடிவுகட்டியதில் வந்த வினைதான் இது.

அரியலூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு கடலை எண்ணெய் ஆலையில் அப்போது நான் ஸ்டோர் குமாஸ்தா. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். பட்டாளத்துக்கு இனி வேண்டாத சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி திருச்சியில் இருந்தபடியே பெரிய ஜெனரேட்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினார். படுத்திருக்கிற யானை அளவுக்கு இருந்தது. அதை எழுப்பத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது அகப்பட்டவர்தான் இந்தக் கதையின் மிஷின்காரர். ஏலாக்குறிச்சிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, பாலைவனத்தில் இதே ரக மிஷின்களோடு வருஷக்கணக்காகக் கிடந்துவிட்டு வந்திருந்தார்.

ஒல்லி. காக்கி டவுசர். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் பட்டாளத்து பூட்ஸ். சட்டைப்பையில் ஒரு பொடி டப்பா, அதில் பொடி கிடையாது. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள் இருந்தன. எதற்கு என்று கேட்டால் "வேணும்" என்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் பாதி ஒரே வாக்கியம்தான்: "கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அவர் வேலைக்கு வந்த முதல் நாள், காலை பாசஞ்சர் ஸ்டேஷனில் வந்து நின்ற நேரம், மேனேஜர் அறை வாசலில் வந்து நின்றார். மேனேஜர் முதலாளிக்கு மைத்துனர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பூட்ஸைப் பார்த்தார்.

"அதென்னடா காலுல?"

"பூட்ஸுங்க."

"எவன் வூட்டு வாசல்னு நெனைச்ச? கழட்டி வெளிய வச்சுட்டு அங்கேயே நில்லு. கூப்புடறப்ப வா."

அறைக்குள் நான் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். என் வாய் அப்போதெல்லாம் என்னைக் கேட்காது.

"பூட்ஸ் மட்டும் உள்ள வரட்டும் சார். அது வெள்ளக்காரன் வூட்டுது. ஆளு நம்மூருதான, வெளியவே நிக்கட்டும்."

நாலு பேர் சிரித்தார்கள். மேனேஜர், கணக்குப்பிள்ளை, பழைய என்ஜினை ஓட்டும் டிரைவர், வாட்ச்மேன். அவர் கோபப்படவில்லை. சிரித்த ஒவ்வொரு முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். கட்டை விரல் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டு, நாலில் நின்றது. மத்தியான கூட்ஸ் ஊதிக்கொண்டு போன பிறகுதான் மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். அதுவரை வெயிலில், வெறுங்காலில்.

அவரைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவின. எனக்கு முன்பே தெரிந்திருந்தால் வாயில் துணியை அடைத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்று பஸ் கதை. பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் பஸ் ஓடிய காலம். பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் திருமானூரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளிக்க, கண்டக்டர் ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே இவரை இறக்கிவிட்டுவிட்டார். சில மாசம் கழித்து அதே பஸ் நடுவழியில் நின்றது. கரி உலை மூச்சு விடவில்லை. சைக்கிளில் வந்த இவர் இறங்கிச் சரிபண்ணினார். புறப்படும்போது டிரைவரிடம், "கண்டக்டரு எறங்கட்டும். அடுத்த மைல் கல்லுல ஏத்திக்கிங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து, "எறங்கித் தொலையேன்யா" என்றார்கள். கண்டக்டர் தோல் பையைத் தட்டிக்கொண்டே ஒரு மைல் நடந்தார். அந்தக் கல்லில் பஸ் நின்று அவரை ஏற்றிக்கொண்டது. ஒரு கெஜம் தாண்டி நிறுத்தச் சொல்லவில்லை என்பதுதான் கதையின் விசேஷம்.

இன்னொன்று தண்ணீர்க் கதை. சின்ன வயதில் இவர் தாய் நாற்று நடப் போன பண்ணையில், பண்ணைக்காரர் படிமேல் நின்று, கீழே குனிந்து ஏந்திய கைகளில் தண்ணீர் ஊற்றுவாராம். பல வருஷம் கழித்து அவருடைய இறைப்பு என்ஜினைப் பழுதுபார்க்க இவர்தான் போனார். பண்ணைக்காரருக்கு வயலில் நா வறண்டது. கைவசம் இருந்தது இவருடைய பட்டாளத்து ஃபிளாஸ்க் மட்டும். வறண்ட வாய்க்காலுக்குள் நின்ற பண்ணைக்காரர் கையேந்த, வரப்புமேல் நின்று இவர் ஊற்றினார். "எங்கம்மாவுக்கு ஊத்துன ஒசரம்" என்று மட்டும் சொன்னாராம்.

நல்லதையும் இப்படியேதான் திருப்பினார். ஒரு நாள் இரண்டு வெற்றிலை கொடுத்தேன். மறுநாள் இரண்டு வெற்றிலை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். காம்பு கிள்ளிக் கொடுத்திருந்தேன், காம்பு கிள்ளியே வந்தது. அன்று சிரித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். அந்த வெற்றிலை பிறகு பல நாள் தொண்டையில் நின்றது.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். மிஷின் கொட்டகையிலிருந்து சுவிட்ச் போர்டுக்குக் கேபிள் போக வேண்டும். நடுவில் மேனேஜர் அறை.

"நேரா இந்த ரூமுக்கு அடியில போனா நாப்பத்தெட்டு அடி சார்," என்றார் அவர், வாசலில் நின்றபடி.

"என் ரூமுல நீ குழி வெட்டுவியா? சுத்திப் போ."

"சுத்திப் போனா எழுவது."

"போ. ஒரு கேபிளு எவ்வளவு தாங்கும்?"

"காத்தோட்டமாக் கெடந்தா நூத்தம்பது ஆம்பியர். மிஷினுக்கு மூணு பேஸு, மூணு தனி வழி. ஒவ்வொண்ணும் முந்நூத்தம்பது குடுக்கும்."

மேனேஜர் விரல் மடக்கினார். "அப்ப பேஸுக்கு மூணு போட்டாலே மிச்சம்."

"குழியில நெருக்கியடிச்சுப் படுத்தா நூறுதான் சார் தாங்கும். மார்கழியிலயே ஒரு பாயில நாலு பேரு படுத்தா வேர்க்கும். இது சித்திரை. பேஸுக்கு நாலு. மூணு பேஸுக்குப் பன்னெண்டு. எல்லாம் ஒரே தடிப்பு, ஒரே நீளம், முனையில ஒரே முறுக்கு. ஒண்ணு மாறுனாலும் பாரம் சரியாப் பிரியாது."

எந்தப் பக்கம் பிரியாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பல்லக்கு ஞாபகம் இருக்கும்போது எதற்குக் கேட்பது?

கேபிள் வந்து இறங்கியது. கணக்காக எழுபது அடியில் பன்னிரண்டு. அதைப் பார்த்த மேனேஜருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அவர் வீட்டில் வேட்டி உலர்த்தும் கொடி ஒரு தலைவலி. கம்பிக்கொடி துருவை ஒட்டும், கயிற்றுக்கொடி நாரை ஒட்டும். ரப்பர் உறை போட்ட இந்தக் கேபிள் இரண்டும் செய்யாது.

"வராந்தாத் தூணுலேர்ந்து தென்னமரத்துக்கு இருவத்திரண்டு அடி வேணும்யா. வெட்டிக் குடு."

"சார், ஒண்ணு குட்டையாயிடுமே."

"குட்டையானத என் ரூமு செவுத்தோரமா நேரா வுட்டுடு. ஒண்ணுதான, எனக்குத் தொந்தரவில்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழம. அவன் கோயிலுக்குப் போயிருவான்."

வெட்டிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஏலாக்குறிச்சியில் பூசை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பன்னிரண்டாவது கேபிளைச் சுவரோரமாக ஓட்டி, பீரோவை நகர்த்திக் காற்றுகூடப் புகாதபடி மறைத்து, இரண்டு முனையையும் அவர் ஏற்கெனவே சுற்றிப் பதித்திருந்த பதினொன்றோடு சேர்த்துவிட்டேன். புத்தகத்தில் 'பன்னிரண்டு, ஒவ்வொன்றும் எழுபது அடி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குட்டைக் கேபிள் பாரமில்லாமல் சுகமாக இருக்கும் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

திங்கட்கிழமை அவர் மிஷினைப் பாதிப் பாரத்தில் ஓட்டினார். பொடி டப்பாவைத் திறந்தார். போர்டுக்கு வந்து சேரும் பன்னிரண்டு கேபிள் மீதும் ஒரே அளவாக மெழுகு கிள்ளி ஒட்டினார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்னப்பா வேண்டுதலா?" என்றேன்.

"சூடு பாக்குறது. பன்னெண்டும் ஒண்ணாச் சொமந்தா ஒண்ணா இருக்கும். அதிகமாச் சொமக்கறது மொதல்ல அழுவும்."

அரை மணி ஆயிற்று. பதினொரு மெழுகு அப்படியே இருந்தது. ஒன்று பளபளத்தது, இளகியது, கண்ணீர் மாதிரி கீழே ஓடியது. எது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். வழி குறைவாக இருந்தால் கரண்ட் அந்த வழியில்தான் முண்டியடித்துக்கொண்டு போகுமாம். மின்சாரம் பல்லக்குப் பாரம் இல்லை. பொங்கல் வாங்க வரும் கூட்டம். குறுக்குவழி தெரிந்தால் எல்லாரும் அங்கேதான்.

அவர் அந்தக் கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே நடந்து, மேனேஜர் அறைச் சுவர் வரை போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"ம்."

அவ்வளவுதான். மேனேஜரிடம் ஓடினேன்.

"எரிஞ்சா என்ன சார் பண்றது?"

"புத்தகத்துல யாரு கையெழுத்து?"

"என்னுது."

"அப்ப என்னை ஏன் கேக்குற?"

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறார். என் மனைவி பெரம்பலூரில் தாய் வீட்டில் தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தாள். பிறக்கப் போகிற பிள்ளைக்கு அப்பன் வேண்டும், அப்பனுக்கு வேலை வேண்டும். இரண்டும் ஒரு கேபிள் நுனியில் தொங்கின.

செவ்வாய்க்கிழமை அவர் மேனேஜர் அறை வாசலுக்கு வந்தார். பூட்ஸ் வெளியே, அவரும் வெளியே, முறைப்படி.

"சார், ஒண்ணு நாப்பத்தெட்டு அடியா இருக்கு. மிச்சம் எழுவதா இருக்கு. முழுப் பாரம் குடுத்தா குட்டையானது எரியும்."

"இருவத்திரண்டு அடியச் சேத்து முறுக்கிடேன்."

"முறுக்குன எடம் தனியாச் சுடும். வெட்டுனத ஒட்ட முடியாது சார். நீளமா இருக்கறத வெட்டலாம். பதினொண்ணையும் நாப்பத்தெட்டா வெட்டிடறேன். ஆனா நாப்பத்தெட்டுக்கு ஒரே வழிதான் இருக்கு."

மேனேஜர் அவரைப் பார்த்தார். பிறகு தன் மேஜைக்கு அடியில் இருந்த தரையைப் பார்த்தார்.

"செவுத்தோரமா வுடு."

"செவுத்தோரம் ஒண்ணு போவும். பன்னெண்டு போவணும்னா குழி வேணும். குழியில வேல செய்ய பூட்ஸ் வேணும்."

முதலாளி வர மூன்று நாள். மேனேஜருக்கு வேறு வழி இல்லை. அன்றே மேஜையும் நாற்காலியும் வெளியே வந்தன. அவர் பூட்ஸைத் துடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். உளி ஓசை ஸ்டேஷன் வரை கேட்டது. மேனேஜர் ஆசையாகப் போட்டிருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை நடுவில் பிளந்தது.

புதன்கிழமை காலை பாசஞ்சர் வந்து நின்ற நேரம், அவர் வாசலில் வந்து நின்று சொன்னார்: "சார், வெளிய இருங்க. கூப்புடறப்ப வாங்க."

மேனேஜர் தன் அறை வாசலிலேயே நின்றார். நாற்காலி ஒன்று போடலாம் என்று நான் நினைத்தேன். என் வாய் அன்று திறக்கவில்லை. வெயில் ஏறியது. மேனேஜர் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். நான் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். கேபிள் பன்னிரண்டும் படுத்து, பலகை மூடி, மண் தள்ளி, எல்லாம் முடிந்திருந்தது. அவர் குழி மூடிய மேட்டில் தனியாக உட்கார்ந்து, பூட்ஸில் கயிறு கோக்கும் பித்தளைக் கண்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

மத்தியான கூட்ஸ் ஊதியது. பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்தார்.

"இப்ப உள்ள வாங்க சார்."

மேனேஜருக்குப் புரிந்ததா என்று தெரியாது. எனக்குப் புரிந்துவிட்டது. கண்டக்டர் முடிந்தார், பண்ணைக்காரர் முடிந்தார், மேனேஜர் முடிந்தார். பூட்ஸைப் பற்றி ஒருவன் ஜோக் அடித்தானே, அவன் மட்டும்தான் பாக்கி.

அன்று சாயங்காலத்திலிருந்து "ஏம்ப்பா" போய் "வாங்க" வந்தது. வியாழக்கிழமை காலை "அண்ணே" வந்தது. மத்தியானம் அவருக்கு நான் மோர் எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் அதே சொம்பில் மோர் திரும்பி வந்தது. திருமழபாடி நந்திக்கு ஒரு தேங்காய், ஏலாக்குறிச்சி மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று இரண்டு பக்கமும் நேர்ந்துகொண்டேன். மாதா அவர் ஊர்க்காரி என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் நேராகவே போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு பூட்ஸ் விஷயமா நான் ஒண்ணு சொன்னேன்..."

"ஞாபகம் இருக்கு."

"வெளையாட்டுக்குத்தாண்ணே."

"தெரியும். நானும் வெளையாட்டாத்தான் செய்வேன்."

அன்று இரவு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். கரி தீர்ந்துபோய் பஸ் வரவில்லை. இப்படி ஒரு விதி.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். மிஷினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மேனேஜர் சுவிட்சைத் தள்ளினார். மேனேஜர் வேட்டியில் முள் கிழித்த ஓட்டை இருந்ததைக் கவனித்தேன். உயிர் போகிற நேரத்தில் கண் இப்படி எதையாவது பார்க்கும். செக்குகள் எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. தரை அதிர்ந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மிஷின்காரர் பொடி டப்பாவைத் திறந்து, போர்டுக்கு வரும் கேபிள்களில் மெழுகு ஒட்டினார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஸ்டோர் சார், ஓரத்துல இருக்கே, இதப் புடிச்சுக்கிங்க. ரெண்டு கையாலயும். சுட்டாச் சொல்லுங்க. வுட்டுறாதீங்க."

அதற்கு மட்டும் மெழுகு ஒட்டவில்லை. மெழுகுக்குப் பதில் என்னை ஒட்டியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை. என் தொழிலே எண்ணுவது. ஆணி எண்ணுவேன், கோணி எண்ணுவேன். அன்று என் முன்னால் எத்தனை கேபிள் இருந்தது என்று எண்ணத் தோன்றவில்லை. கண்ணெல்லாம் என் கையில் இருந்த கேபிள் மேல். அதில் அங்கங்கே நீலம் பூத்திருந்தது. எரியப்போகும் கேபிளுக்கு முதலில் நீலம் பூக்கும் என்று அந்த இடத்திலேயே ஒரு விதியைக் கண்டுபிடித்தேன்.

உள்ளங்கை வேர்த்தது. கேபிள் வெதுவெதுத்தது. பிறகு சுட்டது. பிறகு கொதித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கொதித்தது. மற்றப் பன்னிரண்டிலும் மெழுகு கல் மாதிரி இருந்தது. பெரம்பலூரில் இருக்கும் என் மனைவி முகம் தெரிந்தது.

"சுடுதுண்ணே," என்று கத்தினேன். "ஐயோ, சுடுதுண்ணே, மிஷினை நிறுத்துங்க."

மேனேஜரும் கணக்குப்பிள்ளையும் டிரைவரும் வாட்ச்மேனும் ஓடி வந்தார்கள். அவர் மெதுவாக வந்து புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுதா?"

"கொதிக்குதுண்ணே. கை வெந்துபோச்சு."

அவர் குனிந்தார். என் கையிலிருந்த கேபிளின் ஒரு முனையைப் போர்டுக்குப் பின்னாலிருந்து உருவி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். மறு முனையை பூட்ஸ் காலால் மூலையிலிருந்து இழுத்துப் போட்டார்.

நாலு பேரும் சிரித்தார்கள். மேனேஜர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. நாலு முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். கட்டை விரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, நாலில் நின்றது. அந்த வழியாக வந்த கூலி ஆள் ஒருவர் என்னவென்று எட்டிப் பார்க்க, "ஒண்ணுமில்ல, போய்யா" என்று அனுப்பிவிட்டார். ஐந்தாவது ஆள் சிரித்துவிடக் கூடாது.

சாயங்காலம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பூட்ஸோடு களத்தைக் கடந்து போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மிஷினிலிருந்து வந்த கேபிள் பன்னிரண்டு, எல்லாம் நாற்பத்தெட்டு அடி, ஒன்றுகூடச் சுடவில்லை. நான் பிடித்திருந்தது பதிமூன்றாவது. அது மேனேஜர் வீட்டு வேட்டிக்கொடி, இருபத்திரண்டு அடி. அவர் அதை அவிழ்த்து வந்ததிலிருந்து மேனேஜர் வேட்டி முள்வேலியில் உலர்ந்திருக்கிறது. நீலம், வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம். அதன் இரண்டு முனையும் எதிலும் மாட்டியிருக்கவில்லை.